அடியாளின் ஜெர்சி விட்டத்தில் ஏறலாமா

டாம்சன் க்ரீக் ஐஸ் ஹாக்கி கழகத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ரெய்னோ கங்காஸை யாரும் அழைக்கவில்லை. அழைக்க வேண்டிய அவசியமும் இல்லை, அவன் பக்கத்து ஊரான ஓட்டர் பாயின்ட்காரன். இருந்தாலும் பனி கொட்டுகிற காலையில் பிக்கப் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, அரங்கத்து மாடியில் ஓசிக் காப்பியை ஊற்றிக்கொண்டு, முன்வரிசையில் சட்டமாகப் போய் உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் கூடியது ஒரே ஒரு விஷயத்துக்காக. கிலான் பெல்ஷா போட்டு ஆடிய இருபத்தேழாம் எண் ஜெர்சிக்கு ஓய்வு கொடுத்து அரங்கத்தின் கூரைவிட்டத்தில் தொங்கவிடலாமா, கூடாதா? தொங்கவிட்டால் அப்புறம் அந்த எண்ணை இந்த அணியில் எவனும் போட முடியாது. மேலே ஏற்கெனவே மூன்று ஜெர்சிகள் தொங்குகின்றன. மூன்றும் கோல் போட்ட மகராசன்களுடையவை. கிலான் அந்த ஜாதி இல்லை. அவன் அணியின் அடியாள். எதிரணிக்காரன் நம் பையன்மேல் கை வைத்தால், கையுறையைக் கழற்றி ஐஸ்மேல் எறிந்துவிட்டு அவன் மூஞ்சியைப் பெயர்த்துவிட்டு, தண்டனையாக ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருப்பதுதான் உத்தியோகம். ஊர் அவனுக்குக் 'கதவு' என்று பெயர் வைத்திருந்தது.

ஓட்டர் பாயின்ட் அணியில் ரெய்னோவுக்கும் அதே உத்தியோகம்தான். இரண்டு பேரும் இளமை முழுக்க ஒருவரை ஒருவர் போட்டுச் சாத்திக்கொண்டார்கள். அந்தப் புண்ணியத்தில் ரெய்னோவின் மூக்கு இன்றைக்கும் இடது பக்கம்தான் பார்க்கிறது.

அப்படிப்பட்டவன் எதிராளிக்காக வக்காலத்து வாங்க ஏன் வர வேண்டும்? அவன் வயிற்றெரிச்சல் அவனுக்கு. ஓட்டர் பாயின்டில் மர ஆலையை மூடினார்கள், அணி கலைந்தது, பிறகு ஒரு குளிர்காலத்தில் பனியின் பாரம் தாங்காமல் அரங்கத்தின் கூரையே உட்கார்ந்துவிட்டது. அவன் ஜெர்சியைத் தொங்கவிட விட்டம் ஏது? அவன் ஆட்டத்தைப் பார்த்த சனமும் பிழைப்பைத் தேடித் திக்குக்கொன்றாகப் போய்விட்டது. கிலானாவது மேலே ஏறினால், அவனோடு மோதியவன் என்ற வகையில் தான் பட்ட பாடும் ஒரு வேலை என்று ஆகும். ஏறாவிட்டால் அத்தனை வருஷமும் வெறும் தெருச்சண்டை. இந்தப் பயம் ரெய்னோவைத் தூங்கவிடவில்லை.

கழகத் தலைவர் ஹெக்டர் மக்ரே எழுந்தார். பனிவண்டி விற்கிறவர். விட்டத்தில் தொங்கும் ஒன்பதாம் எண் இவருடையது. அந்தக் காலத்தில் இவர் மட்டையைத் தொட்டாலே கோல்தான்.

"எனக்கு கிலான்மேல தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் கிடையாது" என்று ஆரம்பித்தார். தனிப்பட்ட விரோதம் இருக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "ஆனா யோசிச்சுப் பாருங்க. அத்தனை வருஷத்துல ஏழே ஏழு கோல். அதுல ரெண்டு, அவன் பின்பக்கத்துல பட்டு உள்ள போனது."

"மூணு" என்றான் கிலான், கடைசி வரிசையிலிருந்து. அவன் இப்போது அதே அரங்கத்தில் ஐஸை வழவழப்பாக்கும் வண்டி ஓட்டுகிறான். கூட்டம் முடிந்ததும் ஐஸ் போட வேண்டுமே என்று வேலை உடுப்பிலேயே வந்திருந்தான்.

"அவன் தண்டனைப் பெட்டியில உக்காந்த நேரத்துக்கு வாடகை வாங்கியிருந்தா நம்ம கூரையையே மாத்தியிருக்கலாம்" என்று ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் சிரித்தது. கிலானும் சிரித்தான்.

செயலாளர் நோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. கிலான் பெயரை முன்மொழிந்தவளே அவள்தான். "மேல தொங்குற மூணு பேரும் அடிக்குப் பயப்படாம ஆடினாங்களே, அது எப்படின்னு யாராச்சும் யோசிச்சீங்களா?"

"அதுக்குத்தான் அவனுக்கு பியர் வாங்கிக் கொடுத்தோம்ல" என்றார் ஹெக்டர்.

ரெய்னோ எழுந்தான். நாற்காலி கிறீச்சிட்டது.

"உனக்கு இங்க என்னப்பா வேலை?" ஹெக்டர் சிநேகமாகவே கேட்டார். "மீன் புடிக்கப் போறப்ப பேசிக்கலாம், உக்காரு."

ஆமாம், இரண்டு பேரும் ஒன்றாக மீன் பிடிக்கிறவர்கள்தான். உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, ஒரே குடிசையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். இத்தனைக்கும் ஹெக்டரின் மணிக்கட்டை உடைத்த ஆள் ரெய்னோ. இந்த ஊர்களின் நியாயமே தனி.

"எங்க கோச்சு ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னாடி என்கிட்ட ஒண்ணுதான் சொல்வாரு" என்றான் ரெய்னோ. "அந்த மக்ரே பய கைய எடுத்துடுன்னு. நானும் எடுக்கத்தான் வருவேன். வந்து பாத்தா முன்னாடி இந்தக் கதவு நிக்கும். 'ஆரம்பிக்கலாமா'ன்னு மரியாதையாக் கேப்பான். அப்படிக் கேட்டப்புறம் மாட்டேன்னா கேவலம். ரெண்டு பேரும் மூஞ்சிய ஒடச்சுக்கிட்டுப் பெட்டிக்குள்ள போய் உக்காருவோம். அங்கேருந்து பாத்தா நீ கோல் போட்டுட்டுக் கையத் தூக்கிக்கிட்டுச் சுத்திக்கிட்டிருப்பே. இது வேலை இல்லாம என்ன ஹெக்டர்?"

ஹெக்டரின் முகத்திலிருந்து சிநேகம் கழன்றுகொண்டது.

"ஒரு மேட்சுல கைய எடுத்தியே" என்றார். "பெரிய லீக்குக்கு ஆள் பொறுக்க வந்திருந்தாங்க. என் வாழ்க்கையிலேயே முக்கியமான மேட்சு. அன்னிக்கு இந்தக் கதவு எங்க போச்சு? ராத்திரி குடிச்சுட்டு எந்திரிக்க முடியாமக் கெடந்துச்சு. ஊருக்கே தெரியும். உன்மேல எனக்குக் கோவம் கிடையாது ரெய்னோ. நீ உன் வேலையச் செஞ்ச. அவன் அவன் வேலையச் செய்யல. நான் பனிவண்டி வித்துக்கிட்டு இருக்கேன்."

இத்தனை வருஷமாக அந்த மனுஷன் நெஞ்சில் கிடந்தது இதுதானா என்று இருந்தது ரெய்னோவுக்கு.

அவன் கடைசி வரிசையைப் பார்த்தான். கிலான் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தான். வேண்டாம்.

அடியாட்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடி பட்டதை வெளியே சொல்லக் கூடாது. கதவில் விரிசல் என்று தெரிந்தால் அடுத்த வாரம் வருகிறவன் எல்லாம் உதைத்துப் பார்ப்பான். கோச்சும் சொல்ல மாட்டார். அதனால்தான் அன்றைக்கு டாம்சன் க்ரீக் கோச்சே, பய குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று கண்ணடித்துப் பரப்பினார். குடிகாரன் என்றால் அடுத்த வாரம் வந்துவிடுவானே. கிலானும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டான்.

விஷயம் தெரிந்த வெளியாள் ரெய்னோ ஒருத்தன்தான். அடித்தவன் ஆயிற்றே.

"அவன் குடிக்கல" என்றான்.

"ரெய்னோ, வாய மூடு" என்றான் கிலான்.

"முந்தின வாரம் எங்க ஊர்ல நடந்த மேட்சு. அன்னிக்கும் உன்னத் தேடித்தான் வந்தேன் ஹெக்டர். இவன் குறுக்க வந்தான். நான் விட்ட குத்துல பின்மண்டை ஐஸ்ல மோதிருச்சு. சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் பெட்டிக்குப் போனதால உங்க யாருக்கும் தெரியல; நீங்கள்லாம் கெளம்பினப்புறம் சுருண்டு விழுந்து எங்க ஊர் ஆஸ்பத்திரியில கெடந்தான். நான் ஏலக்காய் ரொட்டி எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்தேன். என்னை அடையாளம் தெரிஞ்சுது. தன் பொண்டாட்டி பேரு என்னன்னு என்கிட்ட கேட்டான். உன் மேட்சு நடந்த அன்னிக்கு இவனுக்கு நேரா நடக்கவே வரல. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான். இப்ப சொல்லிட்டேன்."

கிலான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று வந்தான். முகம் சிவந்திருந்தது. ரெய்னோவின் எதிரில் வந்து நின்றான்.

"ஆரம்பிக்கலாமா?"

மாட்டேன் என்றால் கேவலம். ரெய்னோ கோட்டைக் கழற்றி நோரீனிடம் கொடுத்தான். அவளும் வாங்கிக்கொண்டாள், கூட்டத்துக்கு வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டுகிற பழக்கதோஷம். கிலான் எட்டி ரெய்னோவின் சட்டையைப் பிடித்தான்.

"யோவ், ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டிருச்சுய்யா" என்று ஹெக்டர் நடுவில் பாய்ந்தார்.

ரெய்னோவின் வலது கைக்கு வயசு தெரியாது. சட்டையைப் பிடித்தால் அது கிளம்பிவிடும். கிலானுக்கென்று கிளம்பிய குத்து ஹெக்டரின் மூக்கில் போய் இறங்கியது. கழகத் தலைவர் தொப்பென்று காப்பி மேசைமேல் விழுந்தார், டோனட்டுகளோடு.

அடுத்தவனுக்கு வந்த அடியை ஹெக்டர் மக்ரே வாங்கியது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. கிலான் சண்டையை மறந்து மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் அந்த மூக்கைத் தடவிப் பார்த்தான்.

"ஒடயல" என்றான். "தலையக் குனிஞ்சுக்கோ, ரத்தத்த முழுங்காதே."

"எப்பவும் இப்படித்தான் வலிக்குமா?" ஹெக்டர் மூக்கால் பேசினார்.

"இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்குக் காலையில பல்லு தேய்க்கறப்பதான் தெரியும்."

ஹெக்டர் மேசைமேல் எழுந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் சர்க்கரைத் தூள்.

"ஏன்டா என்கிட்டகூட சொல்லல? இத்தனை வருஷமா உன்னைக் குடிகாரன், குடிகாரன்னு..."

"சொன்னா அது ஊர் பூரா பரவிடும். கதவுல விரிசல்னு தெரிஞ்சா உன் இன்னொரு கையையும் எடுத்துடுவானுங்க."

ஹெக்டர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றக் கையைத் தூக்கினார். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகுதான் அது ஓட்டு என்று புரிந்து மற்றவர்களும் கையைத் தூக்கினார்கள். ரெய்னோவும் தூக்கினான். அவனுக்கு ஓட்டு இல்லை என்று சொல்கிற துணிச்சல் அப்போது யாருக்கும் இல்லை.

ஜெர்சியை மேலே ஏற்றும்போது குடும்பத்தார்தான் கயிற்றை இழுப்பது வழக்கம். கிலானுக்கு மனைவி பிரிந்து போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. "ரெய்னோ இழுக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். "என் மூஞ்சியில அவனைவிட அதிகமாக் கை வெச்ச சொந்தக்காரன் எனக்கு யாரு இருக்கா."

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் ஐஸ்மேல் கம்பளம் விரித்திருந்தார்கள். கிலானின் பெயரைச் சொன்னதும் அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் ஐஸ் வண்டி நிற்கும் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கயிற்றை இழுக்க வருபவர்" என்றது ஒலிபெருக்கி, "ஓட்டர் பாயின்ட் அணி, பதினாறாம் எண், ரெய்னோ கங்காஸ்."

நல்ல கோட்டும் இரவல் டையுமாக ரெய்னோ கம்பளத்தில் நடந்தான். கைதட்டல் அடங்கிப்போயிற்று. ஒரு சத்தமும் இல்லை. யாரென்றே தெரியவில்லை இவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டான்.

மேல் வரிசையில் ஒரு கிழவர் கையைக் குவித்து "ஊ..." என்று ஊளையிட்டார். அந்தக் காலத்தில் ரெய்னோ ஐஸில் இறங்கினால் கிளம்புகிற அதே ஊளை. பக்கத்தில் இன்னொருத்தர் சேர்ந்துகொண்டார். "மூக்கறுந்த பயலே, உங்க ஊருக்கே ஓடுடா" என்றாள் ஒரு அம்மாள், சாகப்போகிற வயசில். அடுத்த நிமிஷம் அரங்கம் முழுக்க எழுந்து நின்று ஊளையிட்டது. அவனைப் பார்த்தே இராத பொடிசுகளும் பெருசுகளைப் பார்த்துக் கத்தின. ஹெக்டர் வீங்கின மூக்கோடு எல்லாரையும்விட உரக்கக் கத்தினார்.

ரெய்னோ முஷ்டியை உயர்த்தி அவர்களைப் பார்த்து ஆட்டினான். ஊளை இரண்டு மடங்காயிற்று. கண்ணிலிருந்து வடிந்த நீர் கோணல் மூக்கு வழியாக டையில் சொட்டியது.

"கயித்த இழுடா" என்றான் கிலான்.

"இரு" என்றான் ரெய்னோ. "இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்."