வடக்குக் கம்பம்

லார்கின் கல்லூரியில் டெல்லா ஹாஸ்கின்ஸுக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், அந்த வேலைக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதுதான். கல்லூரித் தலைவர் ஆல்டன் வீக்ஸே இதை அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். அவள் வைத்துக்கொண்டாள்.

கோவேறு கழுதைகள் என்பது அணியின் பெயர். வைத்த காலத்தில் அது பெருமையான பெயர். இப்போது முப்பத்தெட்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றிருந்தார்கள். இங்கே கால்பந்து என்று பெயர்தானே தவிர, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆளை ஆள் முட்டித் தள்ளுவதுதான் ஆட்டம். காலுக்கு எப்போதாவதுதான் வேலை. லார்கின் பையன்களுக்குக் கால், கை, தோள் எதுவுமே வேலை செய்யவில்லை.

இந்தப் பருவத்தில் பத்து ஆட்டம். அதில் ஒன்றையாவது ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் நவம்பரோடு அணியைக் கலைத்துவிடுவதாக நிர்வாகக் குழு தீர்மானம் போட்டிருந்தது. கலைப்பது என்றால் என்னவென்று கோட்டுப் போட்ட அந்தக் குழுவுக்குத் தெரியாது. டெல்லாவுக்குத் தெரியும். எண்பத்தாறு பையன்கள். பாதிப் பேர் இறைச்சி ஆலைக்காரர், லாரி ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள். ஆட்டம் இருக்கிறது என்பதற்காகவே கல்லூரிப் பக்கம் வந்தவர்கள். ஆட்டம் போனால் துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அப்புறம் அந்த வீட்டில் ஒருவர் பட்டம் வாங்க இன்னொரு தலைமுறை ஆகும். டெல்லாவே அப்படி ஒரு வீட்டிலிருந்து முதன்முதலில் படித்து வந்தவள். அப்பா ஆலையில் மாடு உரித்தவர். அவள் பதினோரு வருடம் துணைப் பயிற்சியாளராக இருந்தவள். தான் போட்ட திட்டத்துக்கு, தனக்கு மேலே இருந்த ஆண்கள் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தவள்.

வந்த முதல் வாரமே அணியின் வியாதி என்னவென்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பையன்களுக்குப் பலம் இருந்தது. க்வென்டின் பூன் என்ற ஒல்லிப் பையனுக்குக் குதிரை வேகம் இருந்தது. ஆனால் அந்த வேகத்தையெல்லாம் அவன் இதுவரை பந்தோடு தப்பிய எதிரணிக்காரனைத் துரத்துவதற்கே செலவழித்திருந்தான். அவர்களிடம் இல்லாதது வெட்கம். அவ்வளவு மரியாதையாகத் தோற்றார்கள். தன் நெஞ்சில் மிதித்து ஓடியவனைக் கூப்பிட்டு, கால் சுளுக்கவில்லையே என்று ஒருவன் விசாரித்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

பிரேடி ஃபோர்க் ஊரே அவர்களை அப்படிப் பழக்கியிருந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் அன்று சாயங்காலம் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் ஆறுதல் விருந்து. கோழி வறுவல், பீன்ஸ், மூன்று வகைப் பழப் பணியாரம். வெர்னா ஸ்டக்கி என்ற அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி நான்கு வருடமாக அதை நடத்தி வந்தாள். எவ்வளவு மோசமாகத் தோற்றார்களோ அவ்வளவு நன்றாகச் சமைப்பாள். நாற்பது புள்ளி வித்தியாசம் என்றால் பீச் பணியாரத்தின் மேல் ஐஸ்கிரீமும் உண்டு.

டெல்லா விருந்தை நிறுத்தினாள்.

ஊர் கொந்தளித்தது. நாவிதர் கடையில் அவளைப் பேயென்றார்கள். பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தில் இரக்கத்தைப் பற்றிப் பேசி, அவள் உட்கார்ந்திருந்த வரிசையையே பார்த்தார். வெர்னா அவளைக் கடையில் மாவு மூட்டைகளுக்கு நடுவே மடக்கினாள்.

"ஏம்மா, தோத்துப்போய் வர்ற பிள்ளைக்கு ஒரு துண்டு பணியாரம் குடுத்தா உனக்கு எங்க நோவுது?"

"அவனுக்கு நோவணும் வெர்னாம்மா. நீங்க நோவ விடமாட்டேங்கிறீங்க."

"பெத்தவளா இருந்தா இப்படிப் பேசமாட்டே."

"பெத்தவங்க அனுப்பினதே பட்டம் வாங்கிட்டு வரத்தான். பணியாரம் அவங்க வீட்லயே இருக்கு."

வெர்னா மூன்று மாதம் அவளோடு பேசவில்லை.

விருந்துக்குப் பதிலாக டெல்லா வேறொன்று வைத்தாள். ஆட்டம் முடிந்ததும் வியர்வைச் சட்டையோடு எல்லோரும் புல்லில் உட்கார வேண்டும். ஒவ்வொருவனும் தான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். அடுத்தவன் தப்பைச் சொன்னால் மைதானத்தை ஐந்து சுற்று ஓட வேண்டும். ஐம்பத்திரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்ற முதல் ஆட்டத்துக்கு அது மூன்று மணி நேரம் பிடித்தது. பாதி நேரம் ஓட்டம்தான். முந்தைய பயிற்சியாளர் விட்டுப்போன தொண்ணூறு ஆட்ட உத்திகளைக் குப்பையில் போட்டு ஆறை மட்டும் வைத்துக்கொண்டாள். அந்த ஆறையும் பையன்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்யும்வரை விடவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் இருபது புள்ளியில் தோற்றார்கள். எட்டாவதில் மூன்று. ஒன்பதாவதில் ஒரே ஒரு புள்ளி. அன்று புல்லில் உட்கார்ந்திருந்தபோது பூன் அழுதான். டெல்லாவுக்கு உள்ளுக்குள் குதிக்கலாம் போலிருந்தது. நாற்பத்தேழு தோல்வியில் முதல் முறையாக ஒருவனுக்கு வலித்திருக்கிறது.

மிச்சம் ஒரே ஆட்டம். சொந்த மைதானம், சனிக்கிழமை மதியம், எதிரே ட்ரெமன்ட் கல்லூரி. தெற்கிலிருந்து காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், பாதிப் பேர் துக்கத்துக்கு வந்தவர்கள் போலக் கறுப்பு உடுத்திக்கொண்டு.

ஆனால் கோவேறு கழுதைகள் அன்று கழுதை மாதிரியே உதைத்தார்கள். கடைசி நிமிடத்தில் லார்கின் பதினாறு, ட்ரெமன்ட் பதினான்கு. பந்து ட்ரெமன்ட் கையில், வடக்குக் கம்பத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நீள எறி. பிடித்தவனை வடக்கு எல்லையிலிருந்து முப்பத்தைந்தாவது கஜத்தில் இரண்டு பேர் அமுக்கினார்கள். கடிகாரப் பலகை பூஜ்யத்தைக் காட்டியது.

மைதானத்தின் கரை உடைந்தது.

ஜெயித்தால் கூட்டம் உள்ளே இறங்கிக் கோல் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் போடுவது இந்த நாட்டுக் கல்லூரிகளின் வழக்கம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அதில் பழக்கம் உண்டு. நடுவர் கைதூக்கும்வரை காத்திருப்பார்கள். பிரேடி ஃபோர்க்குக்கு என்ன பழக்கம்? வாத்தியக் குழு ஊதுகுழலைப் போட்டுவிட்டு ஓடியது. பல் மருத்துவர் ஓடினார். பாதிரியார் வேலியைத் தாண்டிக் குதித்தார். வடக்கு முனையில் கவட்டைக் கொம்பு போல நின்ற அந்த மஞ்சள் இரும்பில் முப்பது பேர் தொங்கினார்கள். குறுக்குச் சட்டத்தின் மேல் வெர்னா ஸ்டக்கி உட்கார்ந்திருந்தாள், எப்படி ஏறினாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. கம்பம் ஒருமுறை முனகி, அடியோடு மடங்கிப் படுத்தது.

அப்போதுதான் தலைமை நடுவர் ஊதலை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

விழுந்தவன் விழுந்த கணமே ட்ரெமன்ட் கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் கேட்டுவிட்டார்களாம். கடிகாரத்தில் இன்னும் இரண்டு விநாடி பாக்கி. ஆட்டம் முடியவில்லை. முடியாத ஆட்டத்தில் சொந்த ஊர்க் கூட்டம் உள்ளே நுழைந்ததற்குத் தண்டனை பதினைந்து கஜம். பந்து இருபதாவது கஜத்துக்குப் போனது. அங்கிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி. ட்ரெமன்ட்டின் உதைகாரன் கண்ணை மூடிக்கொண்டு உதைப்பான். பத்து நிமிடத்தில் மைதானம் காலியாகவில்லையென்றால் ஆட்டத்தை அப்படியே ட்ரெமன்ட்டுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் நடுவர்.

டெல்லாவுக்குக் கோபம் வந்தது. வாத்தியக் குழுத் தலைவன் போட்டுவிட்டுப் போன ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"நாப்பத்தேழு தடவ தோத்தது எங்க தப்பு," என்றாள். காற்றில் அது தேவாலயம்வரை கேட்டது. "இன்னிக்குத் தோத்தா அது உங்க தப்பு. எல்லாரும் கோட்டுக்கு வெளிய போங்க. பாதிரியார் ஐயா, நீங்களுந்தான்."

போனார்கள். அடி வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாகப் போனார்கள். கம்பத்தைப் பிடுங்கியவர்கள் மட்டும் நகரவில்லை. செய்த பாவத்தைத் தாங்களே கழுவிவிடுவதென்று தீர்மானித்து, கம்பத்தைத் தூக்கி நிமிர்த்தி, முப்பது பேராகத் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"உதைக்கச் சொல்லுங்க ஐயா," என்றாள் வெர்னா, மூச்சிரைக்க. "நாங்க நேரா பிடிச்சுக்கறோம்."

"பந்து வர்ற நேரத்துல நீங்க ஆட்டமாட்டீங்கன்னு நான் நம்பணுமா?"

"நான் ஞாயித்துக்கிழமைப் பள்ளி டீச்சர்."

"எங்க அம்மாவும் அதேதான்," என்றார் நடுவர். "கீழ போடுங்க."

சட்டப் புத்தகத்தை மூன்று நடுவர்கள் புரட்டினார்கள். கம்பம் இல்லாத மைதானத்துக்கு அதில் பக்கம் இல்லை. கடைசியில் தலைமை நடுவர் ட்ரெமன்ட் பயிற்சியாளரிடம் இரண்டு வழி சொன்னார்: இதே பக்கம் உதைக்காமல் ஓடியோ எறிந்தோ பார்க்கலாம், இல்லை, மைதானத்தைத் திருப்பி, அதே தூரத்தில் தெற்குக் கம்பத்துக்கு உதைக்கலாம். ட்ரெமன்ட் பயிற்சியாளர் காற்றைப் பார்த்தார், தன் உதைகாரனைப் பார்த்தார், ஊரைத் திட்டினார். அநியாயம் என்று கத்தினார். அநியாயந்தான். டெல்லா சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தெற்கு என்றால் காற்றுக்கு எதிரே. வருடம் முழுக்க அவள் போட்ட திட்டம் எதுவும் செய்யாத வேலையை ஊரின் முட்டாள்தனம் செய்துவிட்டது.

தெற்கே உதைப்பதாகச் சொன்னார் ட்ரெமன்ட் பயிற்சியாளர். டெல்லா பூனிடம் கம்பத்துக்குக் கீழே போய் நிற்கச் சொன்னாள்; பந்து எட்டாமல் விழுந்தால் பிடித்துக்கொள்ள.

உதைகாரன் நன்றாகத்தான் உதைத்தான். பந்து ஏறியது, வளைந்தது, அப்புறம் காற்றில் யாரோ கையைக் குறுக்கே வைத்தது போல நின்றது. நின்று, நேராகக் கீழே இறங்கியது. பூனின் கைக்குள்.

அவ்வளவுதான். நேரம் முடிந்தாயிற்று; பந்து வைத்திருப்பவன் தரை தொடும்வரைதான் ஆட்டம் நீளும். பூன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினால் போதும். ஆட்டம் அங்கேயே முடிந்தது, லார்கின் ஜெயித்தது. நாட்டில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

பூன் ஓட ஆரம்பித்தான்.

டெல்லாவுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. ஆறு உத்தி சொல்லிக்கொடுத்தாள், ஆயிரம் தடவை செய்ய வைத்தாள். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது ஆட்டத்தை எப்படி முடிப்பது என்று சொல்லிக்கொடுக்கவே இல்லை. தேவைப்படும் என்று அவளுக்கே தோன்றவில்லை. தோல்வி பழகியது பையன்களுக்கு மட்டுமல்ல.

"உக்காரு," என்று கோட்டோரமாக அவனோடு ஓடிக்கொண்டே கத்தினாள். "உக்காருடா பூன், உக்காரு."

ஊரே உக்காரு என்று கத்தியது. பூனுக்கு அது உற்சாகப்படுத்துவதாகக் கேட்டிருக்க வேண்டும். இன்னும் வேகமாக ஓடினான். ஒருவனைச் சுற்றினான், இன்னொருவனைத் தாண்டினான். நாற்பதாவது கஜத்தில் ட்ரெமன்ட்காரன் ஒருவன் பக்கவாட்டில் வந்து இடித்தான். பந்து துள்ளி வெளியே வந்தது. இரைக்கு விழும் கோழிகள் போல இருபத்திரண்டு பேரும் அதன் மேல் விழுந்தார்கள்.

பந்து ட்ரெமன்ட்காரன் கையில் சிக்கி அவன் எழுந்து ஓடியிருந்தால் எல்லாம் போயிருக்கும். யாரும் எழுந்து ஓடவில்லை. நடுவர்கள் குவியலிலிருந்து ஆட்களை ஒவ்வொருவராகப் பிடுங்கினார்கள். பச்சைச் சட்டை, மஞ்சள் சட்டை, பச்சை, பச்சை. எல்லோருக்கும் அடியில் டக்கர் லாட் கிடந்தான், நூற்று நாற்பது கிலோ, முதல் வருடம், லார்கினின் மஞ்சள் சட்டை. இதுவரை ஒரு ஆட்டத்திலும் பந்தைத் தொடாதவன். அதைத் தலையணை போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தான்.

"கோச், எந்திரிக்கலாமா?"

டெல்லா நடுவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி, ஆட்டம் முடிந்தது என்று காட்டினார். அப்படியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"எந்திரிக்காத," என்றாள். "அவங்க பஸ் ஊரத் தாண்டற வரைக்கும் எந்திரிக்காத."

பூன் வந்து அவள் முன்னால் நின்றான். தான் என்ன தப்பு செய்தான் என்று வழக்கம்போலச் சொல்ல ஆரம்பித்தான். அவள் அவன் தலைக்கவசத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை, பயந்துபோய் நின்றான்.

கூட்டம் இறங்கவில்லை. மூவாயிரம் பேர் வெள்ளைக் கோட்டில் கால் விரல் படாமல் அப்படியே நின்றார்கள். பாதிரியார் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். தலைவர் வீக்ஸ் மட்டும், டை தோளுக்குப் பின்னால் பறக்க, ஓடி வந்தார். அடுத்த வருடத்துக்கு ட்ரெமன்ட்டோடு ஆட்டத் தேதி இப்போதே பேசிவிடலாமா என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"என்ன சொன்னீங்க?"

"அடுத்த வருஷம்னேன்."

டெல்லா ஒலிபெருக்கியை அவர் கையில் திணித்தாள். "பசங்க பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

அவர் சொன்னார். மூன்று தடவை சொல்ல வைத்தாள். மூன்றாவது தடவை எண்பத்தாறு பேரும் சேர்ந்து சொன்னார்கள். டக்கர் தரையில் கிடந்தபடியே சொன்னான்.

வெர்னா மெல்ல நடுவரிடம் போனாள். தலைமுடியில் புல், ஒரு காலில் செருப்பில்லை. இப்போது இறங்கலாமா என்று கேட்டாள். நடுவர் ஊதலைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினார்.

"நான் வடக்குப் பக்கமா நடந்து போறேன்மா," என்றார். "தெக்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

அவர் நாலு எட்டு வைப்பதற்குள் மூவாயிரம் பேரும் தெற்கே ஓடினார்கள். ஒருவர் மேல் ஒருவர் ஏறி, திட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. கம்பத்தைச் சாய்த்துத் தோளில் ஏற்றியபோது ஒரு முனை தாழ்ந்தது, அங்கே ஆள் போதவில்லை.

"ஏம்மா, என்ன வேடிக்கை பாக்கறே," என்றாள் வெர்னா. "வந்து பிடி."

டெல்லா போய்த் தோள் கொடுத்தாள்.