அறுபத்திரண்டு வயதுப் பெண், தீவுவாசி

பத்து மாதப் பயிற்சியில் ஹெர்டினாவுக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஆஸ்பத்திரியில் பயிற்சியை நடத்தும் ட்ரூடி ஹாஸ்கெல் போட வேண்டிய கையெழுத்து. அது விழுந்தால் பரீட்சை எழுதலாம், எழுதித் தேறினால் அவர்கள் தேவாலயச் சபையிலேயே முதல் உணவியல் நிபுணர் அவள்தான். விழாவிட்டால் கோழி ஆலை. அமெரிக்காவின் ஸ்பிரிங்டேலில், பிழைக்க வந்த மார்ஷல் தீவுக்காரர்களுக்கு எப்போதும் திறந்திருக்கும் கதவு அது ஒன்றுதான். அவள் அம்மா நெய்மாட் அங்கே எலும்பு நீக்கும் வரிசையில் பதினாறு வருடம் நின்றாள். சிறுநீரகம் இரண்டும் போன பிறகுதான் உட்கார்ந்தாள்.

பயிற்சியில் ஆறு பேர். ஐந்து வெள்ளைக்காரப் பெண்கள், இவள் ஒருத்தி. எல்லா இனத்தாருக்கும் இடம் தருகிறோம் என்று மானியம் வாங்கிய பயிற்சி என்பதால், விளம்பரத் தாளில் இவள் முகத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அரையாண்டு மதிப்பீட்டில் ஹாஸ்கெல் வேறு மாதிரி எழுதினாள்: "பதில் சொல்லாமல் புருவத்தைத் தூக்குகிறாள். திமிர்." புருவத்தைத் தூக்கினால் தீவுக்காரர்களுக்கு 'ஆமாம்' என்று அர்த்தம். இதை யாரிடம் போய் விளக்குவது? கண்ணாடி முன்னால் நின்று, நெற்றி அசையாமல் ஆமாம் சொல்ல ஹெர்டினா பழகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டாள்.

"மேடம், செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம் லேட்டா வரலாமா? அம்மாவை டயாலிசிஸ்ல விடணும். சாயங்காலம் இருந்து ஈடு கட்டிடுறேன்."

"எங்களுக்கும் அம்மா இருக்காங்க கண்ணு," என்றாள் ஹாஸ்கெல், சிரித்த முகம் மாறாமல். "உனக்கு மட்டும் குடுத்தா மத்த அஞ்சு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது? சமத்துவம் வேணும்னு நீங்கதானே கேக்குறீங்க? எல்லாருக்கும் ஏழு மணி. இதுதான் சமத்துவம்."

அதன் பிறகு சித்தி கத்ரீன்தான் நெய்மாட்டைக் காரில் கொண்டுபோய் விட்டாள். ஆலையில் சித்தியின் ஷிஃப்ட் மாறிய மாதம், மூன்று வியாழக்கிழமைகள் போக வழியில்லாமல் போயிற்று.

கடைசி வாரம், ஆளுக்கொரு நோயாளியைப் பற்றி எல்லார் முன்னாலும் பேச வேண்டும். கெய்லின் என்ற பெண் திரையில் முதல் பக்கத்தைப் போட்டாள். "அறுபத்திரண்டு வயதுப் பெண், தீவுவாசி." பெயர் இல்லை. போடக் கூடாது, அது சட்டம்.

"முந்தின நாள் என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டேன்," என்று கெய்லின் படிக்கத் தொடங்கினாள். "காலையில ஆறின சோறு, டின் மீன். மத்தியானம் ஆறின சோறு, வேக வைக்காத நூடுல்ஸை நொறுக்கி மேல தூவி. ராத்திரியும் அதே. தாகம் எடுத்தா..." சிரிப்பு வந்து நிறுத்தினாள். "மன்னிச்சிடுங்க. தாகம் எடுத்தா, ஐஸ் கட்டியைச் சிவப்பு ஜூஸ் பொடியில தோய்ச்சு சப்புவாங்களாம். பேசும்போது நாக்கு ரத்தக் காட்டேரி மாதிரி இருந்துச்சு!"

அறையே சிரித்தது. அந்த நாக்கு ஹெர்டினாவுக்குத் தெரியும். ஆறின சோறும் தெரியும். விடிவதற்குள் இவள் வடித்து வைத்துவிட்டு வந்த சோறு அது. சூடாக்கித் தர வீட்டில் ஆள் கிடையாது. தாயும் மகளும் வேறு வேறு குடும்பப் பெயர் வைத்திருந்ததால் கெய்லினுக்கு விஷயம் தெரியாது.

"மூணு டயாலிசிஸைத் தவற விட்டிருக்காங்க," என்றாள் கெய்லின். "ஏன்னு கேட்டேன். 'போக சோம்பேறித்தனமா இருந்துச்சு'ன்னாங்க. அப்படியே எழுதியிருக்கேன்."

ஹாஸ்கெல் பேனாவால் மேஜையைத் தட்டினாள். "ஹெர்டினா, உங்க ஜனம்தானே. நீ சொல்லு. இந்தப் பொம்பளைகிட்ட அடிப்படைப் பிரச்சினை என்ன? வறுமை, வண்டியில்லைன்னு பழைய பல்லவி பாடாதே. ஒரு நிபுணர் மாதிரி சொல்லு."

கையெழுத்துத் தாள் ஹாஸ்கெலின் முழங்கைக்கடியில் இருந்தது. ஹெர்டினா எழுந்து நின்றாள். 'அது என் அம்மா' என்று சொல்லலாம். நோயாளியை அடையாளம் காட்டியது குற்றம் என்று அப்போதே வெளியே அனுப்பலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. பத்து மாதம், ஆறின சோறு, மூன்று வியாழன், எல்லாம் வீண்.

"குடும்பம்," என்றாள். "குடும்பத்துல அக்கறை இல்ல மேடம்."

"பரவாயில்லையே! பத்து மாசத்துல முதல் தடவையா நேராப் பதில் சொல்றே," என்றபடி ஹாஸ்கெல் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை கையெழுத்து விழுந்த விஷயம் கேட்டதும் நெய்மாட் மகளின் கன்னத்தைக் கிள்ளினாள். "பயிற்சியில பாஸா? நிஜமாவா? ஒழுங்கா சொல்லுடி, என் காது இப்போ பாதிதான் கேக்குது."

"நிஜமாத்தாம்மா."

"ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வந்து என்னைத் துருவித் துருவிக் கேட்டா. உன் கூடப் படிக்கிற பொண்ணாத்தான் இருக்கும்னு நினைச்சேன். நான் உன் அம்மான்னு மூச்சு விடல."

"ஏன்மா?"

"ஏனாம்! அம்மாவைப் பட்டினி போட்டுட்டு ஊருக்குச் சாப்பாடு சொல்ல வந்துட்டான்னு உன்னைப் பேச மாட்டாங்களா? ஏன் வரலன்னு கேட்டா. வண்டி இல்லன்னா வீட்டுல யாரு இருக்கான்னு அடுத்த கேள்வி வரும். சோம்பேறின்னு எழுதிக்கோன்னுட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்." நெய்மாட் குலுங்கிச் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. நுரையீரலில் அப்போதே நீர் கட்டத் தொடங்கியிருந்தது. "என்னடி முகம் இப்படிப் போகுது? பாஸானவ மூஞ்சியா இது?"

ஐந்தாவது வாரம் நெய்மாட் இறந்துபோனாள்.

சபைக் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஹெர்டினாவுக்கு ஆறுதல் சொல்ல ஹாஸ்கெலும் கெய்லினும் பூங்கொத்தோடு வந்தார்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்த கெய்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். "மேடம், இவங்க..." என்றவள் வெளியே ஓடிவிட்டாள்.

ஹாஸ்கெலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஹெர்டினாவின் தோளில் கை வைத்தாள்.

"அடக் கண்ணு! நீ அந்த ரூம்லயேதானே இருந்தே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கேட்டேன் மேடம். ஒரு மணி நேரம் கேட்டேன்."

"எப்போ? எனக்கு ஞாபகமே இல்லையே." தோளை மெல்லத் தட்டிக் கொடுத்தாள். "சரி விடு, உன்னையே குத்தம் சொல்லிக்காதே. குடும்பம்தான் காரணம்னு நீயே எவ்வளவு தைரியமா ஒத்துக்கிட்டே. எல்லாருக்கும் அந்தத் தைரியம் வராது. வேலைக்கு உனக்கு நான் கொடுக்கிற கடிதத்துல அதைக் கண்டிப்பா எழுதுவேன்."

ஹெர்டினா, "நன்றி மேடம்" என்றாள்.

அதற்குள் சித்தி கத்ரீன் தட்டு நிறையச் சோறும் பொரித்த கோழியும் சீமைப்பலாவும் குவித்துக் கொண்டுவந்தாள். "நம்ம பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்த டீச்சரா? நிறையச் சாப்பிடச் சொல்லு. அக்கா இருந்தா ஊட்டியே விட்டிருப்பா."

ஹாஸ்கெல் தட்டைப் பார்த்தாள். "ரொம்ப நன்றி. நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

சாவு வீட்டில் நீட்டிய தட்டைத் தொடாமல் போகிறவர்களைத் தீவுக்காரர்கள் பல வருடம் பேசுவார்கள். ஹெர்டினா தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "டீச்சர் அப்புறமா சாப்பிடுவாங்க சித்தி," என்று தங்கள் பாஷையில் சொன்னாள். ஹாஸ்கெலின் கார் கிளம்பிப் போகும்வரை அதைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் அவளே தின்று தீர்த்தாள்.