பச்சை ஆணி, நீல ஆணி

பித்தளை வில்லையை நீல ஆணியில் மாட்டிவிட்டு, சூப்பிரண்டு என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். கேட்காமலே வரம் கொடுத்துவிட்ட சிரிப்பு. வில்லையில் 217 என்று இருந்தது. 217 எங்கள் வீட்டுக்காரர்.

நான் வேலை பார்ப்பது மரைன் படையின் ஆள் ஒதுக்கீட்டுப் பிரிவில். கப்பலில் போய்க் கரையில் குதித்துச் சண்டை போடுகிற படை அது. யார் எங்கே போய்க் குதிப்பது என்று தீர்மானிப்பது எங்கள் வேலை. அதற்குச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பலகை. நீல ஆணி கப்பல், பச்சை ஆணி வீட்டிலிருந்தே போய்வருகிற கரை முகாம், ஆளுக்கொரு வில்லை. கம்ப்யூட்டர் வந்து பத்து வருஷம் ஆகிறது, ஆனாலும் ஐந்து மணிக்குக் கமாண்டர் வந்து பலகையைப் போட்டோ எடுத்தால்தான் உத்தரவு. சொந்தக்காரர் வில்லையை மட்டும் நாங்கள் தொடக்கூடாது. ஆகவே எங்கள் வீட்டுக்காரரின் தலையெழுத்து சூப்பிரண்டு கையில்.

வேறு நாளாக இருந்தால் ஆறு மாதக் கப்பல்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் ‘படையின் எதிர்காலம்’ என்று தொண்ணூறு பக்கத்துக்கு ஒரு திட்டம் வந்திருந்தது. முழுக்கப் படித்த பாவி நான் ஒருத்திதான். ஐந்நூறு பேர் வேண்டும், இருப்பது முந்நூற்றுப் பத்து. மிச்சத்துக்கு ஆளில்லாமல் பறக்கிற கருவி வாங்குவார்களாம். அது வந்து சேரும்வரை யாரும் அசையக்கூடாதாம். இன்றைக்கு மாட்டுகிற ஆணியில் மூன்று வருஷம். என் மகளுக்கு நான்கு வயது. அப்பா என்றால் போனில் கரகரவென்று பேசுகிற ஒருவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

“சார், நீலத்துல மாட்டிட்டீங்களே!”

“ஆமாம்மா. மூணு வருஷம். இனிமே நிம்மதியா இரு.”

“நிம்மதியா இருக்கறதா?”

“நீதானேம்மா தினம் சொல்லுவ? குளிக்கப் போனா ரெண்டு நிமிஷத்துல கதவத் தட்டறாரு, செருப்பெல்லாம் வரிசையா நிக்க வைக்கிறாரு, இவர எப்பத்தான் கப்பல் ஏத்துவாங்களோன்னு...”

சொன்னேன்தான். இல்லை என்று சொல்ல முடியுமா? லீவில் வந்தால் மனுஷர் வீட்டையே கப்பலாக்கிவிடுவார். டப்பாக்களை அவர் உயரப்படி அடுக்கிவைத்ததில் நான் டீயில் உப்பைப் போட்டுக் கொடுத்ததும், அதை அவர் முகம் சுளிக்காமல் குடித்ததும் இந்த ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டோடு எத்தனை நாள் ஓடியது! டைப்பிஸ்ட் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். சூப்பிரண்டு மட்டும் சிரிக்காமல் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரக்கப்பட்டுக்கொண்டிருந்தார் என்று யாருக்குத் தெரியும்?

“இதுக்கு முன்னாடி ஆறு தடவையும் உனக்காகத்தாம்மா நீலம் போட்டேன்” என்றார். “பாவம், கஷ்டப்படறியேன்னு.”

ஆறு தடவை. என் வாய்க்கு அளவில்லாமல் போனதில் மகளின் முதல் நடை, முதல் பல், முதல் காய்ச்சல் எல்லாவற்றையும் அந்த மனுஷர் போனில்தான் கேட்டார்.

“சார், அதெல்லாம் சும்மா சொல்றது சார்! ஊர்ல எந்தப் பொண்டாட்டிதான் புலம்பல? எனக்கு அவர் வேணும் சார். கதவத் தட்டினாலும் பரவால்ல.”

டைப்பிஸ்ட் அக்காவின் மிஷின் நின்றது. சூப்பிரண்டு என்னை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இத மொதல்லயே சொல்லக்கூடாதா? பச்சையில ஒரே ஒரு ஆணிதான் பாக்கி!” என்று பாய்ந்து வில்லையைக் கழற்றினார். பாய்ந்த வேகத்தில் அது கையை விட்டு நழுவி, தரையில் உருண்டு, இரும்பு அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மணி நாலு ஐம்பத்தெட்டு. சூப்பிரண்டு குடையை விட்டுத் துழாவினார். டைப்பிஸ்ட் அக்கா விளக்குமாற்றைக் கொண்டுவந்தாள். சட்டப்படி நான் தொடக்கூடாது என்பதால் மண்டியிட்டு வழி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல், “என்ன நடக்குது இங்க?” என்று ஒரு குரல். கழுத்தில் கேமராவோடு கமாண்டர்.

“ஒரு மரைன் உள்ள மாட்டிக்கிட்டாரு சார்” என்றாள் டைப்பிஸ்ட் அக்கா.

கமாண்டர் கேமராவை மேசைமேல் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். இருபது வருஷமாக நாற்காலியில் இருக்கிறவர், பயிற்சியை மறக்கவில்லை. தரையில் குப்புறப் படுத்து, முழங்கையால் ஊர்ந்து, தோள்வரை அலமாரிக்கு அடியில் போய்விட்டார். பளபளக்கும் இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தன. சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது.

“கெடச்சிடுச்சு” என்றது அலமாரி. “இருநூத்திப் பதினேழு. இவர் எந்த ஆணி?”

சூப்பிரண்டு என்னைப் பார்த்தார்.

“பச்சை சார்!” என்றேன். மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும். “அவர் எங்க வீட்டுக்காரர் சார்!”

கமாண்டர் பின்னுக்கு ஊர்ந்து வெளியே வந்து எழுந்தார். காதிலிருந்து ஒட்டடை தொங்கியது. சட்டை முன்பக்கம் முழுக்கத் தூசி. என்னை ஒருமுறை பார்த்தார், பலகையில் பாக்கியிருந்த அந்த ஒரே பச்சை ஆணியை ஒருமுறை பார்த்தார். பிறகு வில்லையைத் தன் சட்டையிலேயே தேய்த்துத் துடைக்க ஆரம்பித்தார், 217 பளிச்சென்று தெரியும்வரை.