மச்சப் பெட்டியில் வைத்த ஏடு

எங்கள் பக்கத்தில் ஒருவர் உங்களிடம் "நீர் எந்த இடம்?" என்று கேட்டால், எந்த பஸ் ஏறி வந்தீர்கள் என்று அறியக் கேட்கவில்லை. சாதியைக் கேட்கிறார். வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது, நலம் விசாரிக்கிறார் என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லுவார்கள்.

நான் மயிலிட்டி, கடலோர மீன்பிடிக் கிராமம். பெயர் சாருஜா. கம்பஸில் வரலாறு படித்து, வேலையில்லாமல் வீட்டிலிருந்து அம்மாவிடம் போதுமான அளவு ஏச்சு வாங்கி, கடைசியில் தெல்லிப்பழைக்குக் கிட்ட ஒரு சின்ன நூதனசாலையில் பட்டதாரிப் பயிலுநராகச் சேர்ந்தேன். ஒரு வருடப் பயிற்சி. சின்ன நூதனசாலை என்றால் எல்லா வேலையும் நாங்களேதான். பழம்பொருளைத் துடைக்க வேண்டும், விளக்க அட்டை எழுத வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியில் சாயாமல் பார்க்க வேண்டும், வந்தவர்களுக்குக் கக்கூஸ் பூட்டின் திறப்பும் தேடிக் கொடுக்க வேண்டும். பயிலுநர்கள் இரண்டு பேர், நானும் மயூரதனும். வருட முடிவில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை. மயூரதன் நல்ல பெடியன், அக்கா அக்கா என்று என் பின்னால் திரிவான். ஆனால் பழைய ஓலையைத் தொடச் சொன்னால் என்னைத்தான் கூப்பிடுவான். வேலை எனக்குத்தான் என்று பொறுப்பாளர் தக்சாயினி மிஸ் வாய்விட்டே சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலைமேல் பேராசை. அதை மறைக்க எனக்கு என்ன வெட்கம்?

புதிய காட்சியறைத் திறப்புக்கென்று ஊர்ப் பெரியவரான கனகலிங்கம் மாஸ்டர் தன் வீட்டுப் புராண ஏட்டை இரவலாகத் தந்தார். அவருடைய முன்னோர் கோயிலில் வைத்துப் படித்துப் பொருள் விரித்துப் பயன் சொன்ன ஏடு. நான் கட்டை அவிழ்த்தேன். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது.

இதற்கு மருந்தடிக்கக் கூடாது என்று படித்திருந்தோம். காற்றுப் புகாமல் பொலித்தீனில் சுற்றி, கடுங்குளிரில் இரண்டு கிழமை வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பிரிக்கவே கூடாது. குளிர்ந்த ஓலையில் ஈரம் பிடித்தால் பூஞ்சணம் வந்து எல்லாம் நாசம். மாஸ்டரிடம் போனில் கேட்டேன். "குளிரிலை வைக்கிறதெண்டால் வையும் பிள்ளை. ஏடு தப்பினால் காணும்" என்றார்.

சரி, எங்கே வைப்பது? நூதனசாலை பிரிட்ஜ் தண்ணீரையே ஒழுங்காகக் குளிராக்காது. ஐஸ்கிறீம் கடைக்காரரிடம் கேட்டேன். "புழுவைக் கொண்டுவந்து என்ரை ஐஸ்கிறீமுக்கையோ? உமக்கென்ன விசரோ?" என்று கலைத்துவிட்டார். மிச்சம் இருந்தது மயிலிட்டியில் என் மாமா ஜெயதீபனின் மீன் பிறீசர்கள்தான். மிஸ்ஸிடம் சொன்னேன். "வையும். எங்கை எண்டு மாஸ்டருக்குச் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை" என்றார். மாமா ஒரு பிறீசரை வெறுமையாக்கி, கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தந்தார். "சாமிக்குப் படிச்ச ஏடு, விளையாட்டில்லை" என்று அந்த இரண்டு கிழமையும் அதற்குள் ஒரு சூடைமீன்கூட வைக்கவில்லை.

கெடு முடிந்ததும் மாமா தன் மீன் வானிலேயே என்னையும் பொதியையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பொதியை மேசையில் வைக்கிறேன், மாஸ்டர் வந்து நிற்கிறார்.

"ஏட்டை ஒருக்கால் காட்டும் பிள்ளை, மனம் கிடந்து அடிக்குது."

"நாளைக்குக் காலமை காட்டுறன் ஐயா. இண்டைக்குப் பிரிச்சால் ஈரம் பிடிச்சிடும்."

"என்ரை வீட்டு ஏட்டைப் பிரிக்க எனக்கு ஏலாதோ?"

சொல்லிக்கொண்டே ஒட்டியிருந்த டேப்புக்கு அடியில் நகத்தைக் கொடுத்துவிட்டார். நான் பொதியை இழுத்தேன், அவர் விடவில்லை.

"எங்கை வைச்சு எடுத்தனீர்? வாசல்லை மீன் வான் ஒண்டு போகுது?"

கம்பஸ் ஆய்வுகூடத்தில் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொன்னால் அவர் பிரிப்பார், உண்மையைச் சொன்னால் தொடவே மாட்டார். அந்த இடத்தில் நின்றபடியே எனக்கு அது விளங்கியது.

"மயிலிட்டியிலை ஐயா. மாமாவின்ரை மீன் பிறீசரிலை."

கையைச் சட்டென்று எடுத்தார். "மீன் வைக்கிற மச்சப் பெட்டிக்கையோ? சிவசிவா!" என்றவர், அப்போதுதான் என் முகத்தை வடிவாக உற்றுப் பார்த்தார். "நீர் எந்த இடம்?"

"மயிலிட்டி எண்டு சொன்னனே ஐயா."

"ம்" என்றார். சால்வையால் கையைத் துடைத்துக்கொண்டு, கழுவத் தண்ணீர் தரும்படி மயூரதனிடம் கேட்டார். சத்தம் கேட்டு மிஸ் ஓடிவந்தார். "எனக்கு உது தெரியாது மாஸ்டர். பிள்ளை தானாய்ச் செய்திருக்கு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுநாள் பொதியைப் பிரித்தேன். ஒரு புழுவும் உயிரோடு இல்லை. ஈரம் இல்லை. மேலே பார்த்த ஓலைகளில் எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. நான் தனியே இருந்து அழுதேன். சந்தோசமா ஆத்திரமா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான்.

அந்த வார முடிவில் மிஸ் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரே பூரிப்பு. மச்சம் பட்ட ஏட்டை மாஸ்டர் இனி வீட்டுக்கு எடுக்கமாட்டாராம், நூதனசாலைக்கே அன்பளிப்பாம். திறப்புக்கு வந்து ஏடு பிரிப்பதைப் பார்ப்பாராம்.

"ஆனால் உம்மடை கை படக்கூடாதெண்டு சொல்லுறார். முன்னுக்கு நிக்கவும் வேண்டாமாம். ஒரு நாள்தானே சாருஜா, பின்னறையிலை இரும். அடுத்த நாள் வேலை உமக்குத்தான்."

"அந்த ஒரு நாளுக்காகத்தான் மிஸ் நான் ஒரு வருசம் படிச்சனான். முன்னுக்குத்தான் நிப்பன். மாமாவையும் கூட்டிக்கொண்டு வருவன்."

"அப்ப மயூரதனுக்குத்தான் குடுக்கவேண்டி வரும்."

"குடுங்கோ."

பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் வரைக்கும்தான் அந்த வீரம். பஸ்ஸில் சனம் பார்க்கப் பார்க்க அழுதேன். அம்மாவுக்கு என்ன சொல்லுவது?

திறப்பு நாளன்று கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மயூரதன். குரலைத் தாழ்த்திக் கிசுகிசுத்தான்.

"அக்கா, வைச்சிடாதேங்கோ. இயர்போன் காதிலை, ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் சுத்தி நிக்கினம். நடுவிலை ரெண்டு ஓலை ஒட்டிக்கிடக்கு. இழுக்கட்டோ?"

இழு என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாஸ்டரின் கண்ணுக்கு முன்னால், மிஸ்ஸின் கண்ணுக்கு முன்னால் ஓலை படாரென்று முறியும். அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. அவர்கள் அவமானப்படட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஓலை எனக்கு என்ன செய்தது?

"இழுக்காதை" என்றேன். "முதல்லை கயித்தைத் தளர்த்து. ரெண்டு அந்தத்திலையும் பிடி. மேலை தூக்காமல், பக்கவாட்டிலை மெல்ல மெல்ல அசை. அவசரப்படாதை."

ஓலை உரசும் சத்தம் கேட்டது. பிறகு கை தட்டினார்கள். மாஸ்டரின் குரல் தெளிவாகக் கேட்டது. "பாத்தியளோ, தம்பியின்ரை கைப்பக்குவத்தை! இதெல்லாம் படிச்சு வாறதில்லை, பிறப்பிலை வரவேணும்."

மயூரதன் போனை நிறுத்த மறந்துவிட்டான். நானும் நிறுத்தவில்லை. சவர்க்கார நுரை கையில் காயக் காய, கடைசிப் பேச்சு முடியும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன்.