சீருடைக்குள் இடுப்பு

இரண்டாவது பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே சீருடை அவள் காலை வாரிவிட்டது. பெரிய கடையொன்றின் தரைத்தளத்தில் சென்ட் விற்கிறவள் அவள். கறுப்பு ஸ்கர்ட்டின் கொக்கியும் வளையமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, சேரவில்லை. மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தார்.

"புது டிரஸ் அடுத்த வருஷம்தாம்மா வரும். அதுக்குள்ள கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றார், ஏசியைக் குறைக்கச் சொல்வதுபோல.

பக்கத்து கவுண்டரில் லிப்ஸ்டிக் விற்பவளை எல்லோரும் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட் பற்றிச் சொன்னது அவள்தான். "இறுக்கிக் கட்டிக்கிட்டே இருந்தா இடுப்பு தானா அந்த அளவுக்கு வந்துடும்க்கா. வீடியோவுல எல்லாரும் அதான் சொல்றாங்க."

வாங்கிய கார்செட்டில் முன்னால் இரும்புக் கொக்கிகள், உள்ளே வளையாத பட்டைகள், முதுகில் நீளக் கயிறு. கயிற்றைத் தானே இழுக்க முடியாததால் அந்த வேலை கணவன் தலையில் விழுந்தது. பேக்கரியில் இரவு வேலை பார்த்துவிட்டு விடிந்தபின் வருவான். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாவு பிசைந்து உரமேறிய கைகளால், பாதித் தூக்கத்தில் இழுப்பான்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"மூச்சு விட முடியுதா?"

"அதெல்லாம் விட்டுக்கலாம். இழுங்க."

ஸ்கர்ட் பூட்டிக்கொண்டது. மேனேஜர் புன்னகைத்தார். ஆனால் மதியம் நாலு வாய் தின்றால் நெஞ்சுவரை புளித்து ஏறியது. வலது தொடை மரத்துப்போனது. கைக்குழந்தையைத் தூக்கக் குனிய முடியாமல் மூத்தவளைக் கூப்பிட்டாள். எல்லாம் களைப்பு என்று நினைத்தாள். இரண்டு பிள்ளை பெற்று நாளெல்லாம் நின்று பிழைப்பவளுக்குக் களைப்பு ஒரு செய்தியா என்ன?

விடுமுறைக் கூட்டம் நெருக்கிய ஒரு நாள், யாரோ அடித்தட்டிலிருந்த பாட்டிலைக் கேட்டார்கள். மரக்கட்டைபோல் முதுகை வளைக்காமல் உட்கார்ந்து எடுத்தாள். எழுந்தபோது விளக்குகள் தூரமாகப் போயின. பாட்டில் உடைந்த சத்தம் மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் முடிச்சு அவிழாததால் நர்ஸ் கத்தரியால் கயிற்றை வெட்டினாள். விலாவில் பதிந்திருந்த சிவப்புத் தடங்களை டாக்டரம்மா விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது கொழுப்பக் கரைக்காதும்மா. உள்ள இருக்கறத அமுக்கி நகர்த்தும், அவ்வளவுதான். கழட்டினா பழையபடி ஆயிடும். நுரையீரல் விரிய இடமில்ல, மயக்கம் வராம என்ன செய்யும்? இத நம்பியே இருந்தா வயித்துத் தசை இன்னும் தளர்ந்துடும். பிரசவமான வயிறு சேர நாளாகும். இங்க பயிற்சி சொல்லித் தருவாங்க, மெதுவா செய்யுங்க."

தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட கணவன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். தடங்களைப் பார்த்தான்.

"நான்தானே இழுத்தேன்."

"நான்தானே இழுக்கச் சொன்னேன்."

அதற்குமேல் சண்டை பிடிக்க இருவருக்கும் தெம்பில்லை.

திரும்ப வேலைக்குப் போன அன்று குடோனுக்குள் நுழைந்து, ஆண்களுக்கான கறுப்பு பேன்ட் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இது ஜென்ட்ஸோடது இல்லையா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். பட்டன் போட முடியுது."

அவர் அடுத்த கவுண்டர் பக்கம் நகர்ந்தார். மயங்கி விழுந்தவளிடம் என்னவென்று பேசுவது?

மதிய இடைவேளையில் குச்சி அவளை உடைமாற்றும் அறைக்குள் இழுத்துப் போனாள். முதுகைக் காட்டிச் சட்டையைத் தூக்கினாள். அங்கேயும் ஒரு கார்செட்.

"உனக்கு எதுக்குடி இது?"

"குச்சின்னு பேர் வெச்சுட்டாங்களேக்கா. அத காப்பாத்த வேணாமா?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "படிக்கட்டு ஏறவே முடியல."

அவள் குச்சிக்குப் பின்னால் உட்கார்ந்து கயிற்றைத் தளர்த்தத் தொடங்கினாள். வியர்வையில் ஊறிய கயிறு கைக்கு வழுக்கியது. கடைசிச் சுற்று விடுபட்டதும் குச்சி சுவரோரம் சரிந்து உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"நாளைக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

"நாளைக்குப் பாத்துக்கலாம். கொஞ்ச நேரம் உட்காரு."

வெளியே மேனேஜர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இருவரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.