நாற்பதுக்கு மேல் பத்தொன்பது விநாடி

எதிர்த்துப் பேசுவாள் என்று நம்பித்தான் ஓட்டக்காரப் பெண்கள் அவளைத் தங்கள் பிரதிநிதியாகக் கமிட்டிக்கு அனுப்பினார்கள். அவளுக்கு முப்பத்தேழு வயது. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. விடிவதற்குள் இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு, ஏழு மணிக்கு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பிறர் கையில் ஊசி குத்தத் தொடங்குவாள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள் என்று பேர்.

விவகாரம் இதுதான். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் தேர்வு மாரத்தானில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்கள் தேசிய அணிக்குப் போவார்கள். அதில் ஓடுவதற்கே, அதற்கு முன் ஏதாவதொரு மாரத்தானை இரண்டு மணி நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் முடித்திருக்க வேண்டும். போன முறை தொண்ணூறு பெண்கள் வருவார்கள் என்று ஏற்பாடு செய்திருந்த இடத்தில் இருநூற்று நாற்பது பேர் வந்து நின்றார்கள். ஒரே பாதையில் ஐந்து சுற்று. முன்னால் போனவர்கள் சுற்றி வந்து, பின்தங்கியவர்களின் கூட்டத்துக்குள் நுழைய வேண்டியதாயிற்று. தண்ணீர் மேசையருகே நெரிசலில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பெண் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து, தகுதி நேரத்தை இரண்டு மணி முப்பத்தேழு நிமிடமாக இறுக்க வேண்டும் என்ற பேச்சு.

அவளுடைய சிறந்த நேரம் இரண்டு நாற்பத்து மூன்று. அவளோடு பயிற்சி செய்யும் ஆறு பேரில் ஒருத்திகூட முப்பத்தேழைத் தொட்டதில்லை. கிட்டத்தில் இருந்தவள் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் இருபத்தொன்பது வயதுக்காரி. அவள் நேரம் இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம் நாற்பது விநாடி.

"அக்கா, விட்டுக்குடுத்துட்டு வந்தீங்கன்னா அப்புறம் உங்க பக்கத்துலகூட ஓட மாட்டேன்" என்று நெட்டை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

கூட்டம் சங்க அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. ஐந்து பேர். தலைவர், கோச், டாக்டரம்மா, பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டே இருபது ஆண்டுகளாகப் போட்டிகளில் நேரம் குறித்து வரும் வாத்தியார், பிறகு அவள்.

கோச்தான் ஆரம்பித்தார். "இப்ப வர்ற ஷூவைப் போட்டா யாருக்கும் மூணு நாலு நிமிஷம் தானா குறையுது. அப்போ பழைய நாப்பத்தஞ்சும் இப்போ நாப்பத்தஞ்சும் ஒண்ணா? இது தேர்வு. திருவிழா இல்ல."

"அந்தப் பொண்ணோட கையை நான்தான் கட்டினேன். இன்னொரு தடவை கட்ட நான் தயாரா இல்ல" என்றார் டாக்டரம்மா.

தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இருநூறு பொண்ணுங்க ஓடினா இருநூறு குடும்பம் வந்து ரோட்டோரம் நிக்குது. அதையும் இல்லாம பண்ணிட்டா இந்த ஓட்டத்தை யார் பார்ப்பாங்க?" வாத்தியார் தலைவர் பக்கம் தலையசைத்தார். இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"இவங்களே நாப்பத்து மூணு" என்றார் கோச். "சொந்த விஷயத்துல ஓட்டுப் போடறது முறையா?"

"உங்ககிட்ட பயிற்சி எடுக்குற அஞ்சு பேரும் முப்பத்தஞ்சுக்குள்ள ஓடுறாங்க சார். கூட்டம் குறைஞ்சா அவங்களுக்குத்தான் சௌகரியம். அப்போ ரெண்டு பேருமே எழுந்து வெளிய போயிடலாமா?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அவள் தயாரித்து வந்த பேச்சு இரண்டு பக்கம் இருந்தது. அதைப் பிரிக்குமுன் வாத்தியாரிடம் ஒன்று கேட்டாள். இதுவரை அணிக்குப் போனவர்கள், முதன்முதலாகத் தேர்வு ஓட்டத்துக்கு வந்தபோது என்ன நேரத்தோடு வந்தார்கள்?

வாத்தியார் காகிதங்களைப் புரட்டினார். "கடைசி அஞ்சு தேர்வுல பதினஞ்சு பேர். அதுல நாலு பேர் முப்பத்தேழுக்கு மேலதாம்மா வந்திருக்காங்க. முதல் தடவை ஐம்பதாவது, அறுபதாவதா முடிச்சு, அடுத்த தடவை அணியில இருக்காங்க."

"பார்த்தீங்களா!" என்றார் தலைவர்.

"அந்த நாலு பேர்ல ரொம்ப மெதுவா வந்தவங்க நேரம் என்ன சார்?"

"முப்பத்தொன்பது ஐம்பது."

நாற்பதுக்கு மேல் ஒருவரும் இல்லை. அவள் காகிதத்தை வாங்கி ஒருமுறை தானே பார்த்தாள். தன் பேச்சை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நாப்பதுன்னு வைங்க" என்றாள். "முப்பத்தேழுன்னா நாளைக்கு அணிக்குப் போகப்போறவங்களையும் சேர்த்து வெளிய தள்ளிடுவோம். போன தடவை கணக்குப்படி நாப்பதுல நூத்திப் பத்து பேர் வருவாங்க. பாதை தாங்கும்."

நான்கு பேர் கை தூக்கினார்கள். கோச் மட்டும் தூக்கவில்லை.

மறுநாள் காலை மைதானத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. தப்பித்துக்கொண்ட நெட்டைக்குத்தான் கோபம் அதிகம்.

"எனக்காகப் பண்ணீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு? உங்க தலையில நீங்களே மண்ணைப் போட்டுக்கிட்டு!"

"காகிதத்துல அப்படித்தான் இருந்துச்சு."

நெட்டை அவளை உற்றுப் பார்த்துவிட்டு முன்னால் ஓடிப்போனாள். அந்த மாதமே இரண்டு பேர் குழுவை விட்டு நின்றார்கள்.

நாற்பதுக்குள் ஓடித் தகுதி பெற அவளுக்கு எட்டு மாதம் மிச்சமிருந்தது. விடுப்பையெல்லாம் சேர்த்து எடுத்தாள். வாரத்துக்கு நூற்று அறுபது கிலோமீட்டர் ஓடினாள். கணவன் சமையலை ஏற்றுக்கொண்டு, ஒரே குழம்பை மூன்று நாள் சூடாக்கிப் போட்டான். அவள் மூன்று நாளும் அதையே சாப்பிட்டாள். கடைசித் தகுதி ஓட்டத்தில் முப்பத்தாறாவது கிலோமீட்டர் வரை சரியான வேகத்தில் இருந்தாள். பிறகு எதிர்க்காற்று. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் இரண்டு நாற்பது பத்தொன்பது காட்டியது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். கணவன் தண்ணீரை நீட்டினான்.

அடுத்த கூட்டத்தில் ஒரு விண்ணப்பம் வந்தது. அன்று காற்று கடுமையாக இருந்ததால் அரை நிமிடத்துக்கும் குறைவாகத் தகுதியைத் தவறவிட்ட, அவளையும் சேர்த்து ஐந்து பெண்களுக்கு விலக்கு அளிக்கலாம் என்று. கொண்டுவந்தவர் கோச்.

"அன்னைக்கு நான் அங்கே இருந்தேன். அந்தக் காத்துல இவங்க ஓடினதுதான் ஓட்டம்" என்றார்.

யாரும் சொல்லாமலே அவள் எழுந்து வெளியே போனாள். நடைக்கூடத்தில் பழைய கோப்பைகள் வைத்த அலமாரி இருந்தது. அவற்றில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரத்தில் வாத்தியார் வந்தார்.

"மூணுக்கு ஒண்ணு. தள்ளுபடி பண்ணிட்டோம்."

"சரி சார்."

"முதல்ல வேண்டாம்னது நான்தாம்மா. பத்தொன்பது விநாடிக்குத் திறந்தா இருபதுக்குக் கேப்பாங்க."

"நான் உள்ள இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றாள். சொன்ன பிறகு, அது உண்மைதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

தேர்வு ஓட்டத்தில் நூற்று ஏழு பேர் ஓடினார்கள். ஒருவரும் விழவில்லை. கோச்சிடம் பயிற்சி பெற்றவர்களில் ஒருத்தி அணிக்குப் போனாள். நெட்டை இரண்டு முப்பத்தாறில் முடித்து முப்பத்துநாலாவதாக வந்தாள்.

மறுநாள் மாலை நெட்டை அவள் வீட்டுக்கு வந்தாள். நான்கு படி ஏறக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சோபாவில் சாய்ந்து காலை நீட்டினாள்.

"அடுத்த தடவை முப்பத்தஞ்சு ஆக்கிடுவாங்களாம்க்கா. இப்பவே பேச ஆரம்பிச்சிட்டாங்க."

"ஆக்கட்டும். உனக்கு இன்னும் ஒரு நிமிஷம்தானே?"

"அப்போ எனக்கு முப்பத்து மூணு ஆயிருக்கும்."

"எனக்கு நாப்பத்தொண்ணு. பரவாயில்ல, சாக்ஸைக் கழட்டு."

நெட்டை முகத்தைச் சுளித்துக்கொண்டே கழற்றினாள். கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. அவள் அந்தக் காலை எடுத்து மடியில் வைத்து, விளக்கின் பக்கம் திருப்பி, அழுத்திப் பார்த்தாள்.

"இது விழுந்துடும். நீயா பிடுங்காத" என்றாள்.