சின்னையா போட்ட கேபிள்

சூசையின் சைக்கிள் கடையில் கியர் கேபிள் மாற்றத் தெரிந்த ஒரே ஆள் ஐரீன். அதுதான் அவளுக்கு வந்த வினை. கடையும் அண்ணனுடையது, வீடும் அண்ணனுடையது. புருஷன் விட்டுப்போனதிலிருந்து அவளும் மகள் ஷேரனும் அங்கேதான் இருக்கிறார்கள். "சின்னையா கேபிள் வேலைய கத்துக்கட்டும், அப்புறம் நீ எங்க வேணாலும் போ" என்று சூசை சொல்லி நான்கு வருஷமாயிற்று. சின்னையா கடையில் வேலை செய்யும் ஐம்பது வயது மனிதர், சக்கரம் நேராக்குவதில் கெட்டிக்காரர். கேபிள் மட்டும் அவருக்கு வரவே வராதாம்.

கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலை அவளை டெக்னீசியனாக எடுத்திருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கலாமே என்பீர்கள். நடுத்தெருவில் நின்றவளைப் பிள்ளையோடு கூட்டி வந்தவனிடம் அப்படிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. காலையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாக்கு வாங்கினாள். வாடிக்கைக்காரன் தனேஷின் ரோடு பைக்குக்குச் சின்னையா தனியாகக் கேபிள் போட வேண்டும். தனேஷ் ஓட்டிப் பார்த்துச் சரி என்றால் அவள் போகலாம். அவள் கை வைக்கக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது.

பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். மனிதர் எங்கேயும் தடுமாறவில்லை. பழைய கேபிளின் மேல் மெல்லிய குழாயைக் கோத்து ஃபிரேமுக்குள் தள்ளிய பிறகுதான் கேபிளை உருவினார். குழாய் வழியே புதுக் கேபிள் சுளுவாக மறுமுனைக்கு வந்தது. இது தெரியாமல் வெறுமனே உருவிவிட்டு, ஓட்டைக்குள் கம்பியைத் தேடி அரைநாள் அழுதவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

நாலு மணிக்குத் தனேஷ் வந்ததும் அவனுக்கு ஒரு கப் தே வாங்கிவரச் சூசை அவளை அனுப்பினான். கடைகளை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் போகும்போதே, சின்னையா பெடலைச் சுற்றிப் பார்ப்பது காதில் விழுந்தது. பதினோரு கியரும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு பிசிறில்லாமல் ஏறி இறங்கின. அப்பாடா என்றிருந்தது. ஷேரனுக்கென்று ஒரு அறை என்று நினைத்தபோது சிரிப்பே வந்துவிட்டது.

தேயோடு திரும்பியபோது தனேஷ் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து நின்றான்.

"நடு கியர்ல குதிக்குதுலா, அங்கிள்."

சின்னையா கேபிளை இழுத்துத் தளர்த்தும் திருகைத் திருப்பினார். நடு கியர் சரியானது, பெரிய பல்லில் ஏறவில்லை. மறுபடி திருப்பினார். அது சரியானது, இது கெட்டது.

"பாத்தியா ஐரீன்? இதுக்குத்தான் சொன்னேன்" என்று சூசை சிரித்துக்கொண்டே தனேஷோடு வாசலுக்குப் போனான்.

அவள் குனிந்து பார்த்தாள். பின்சக்கரத்தருகே கேபிளைப் பிடிக்கும் போல்ட்டுக்கு அடியில், பள்ளத்தில் கிடக்க வேண்டிய கேபிள் பள்ளத்துக்கு வெளியே இறுக்கப்பட்டிருந்தது. அப்படி இருந்தால் நாள் முழுக்கத் திருகினாலும் கியர் சேராது. புதுக் கேபிளில் பக்கத்திலேயே இன்னொரு நசுங்கிய தடம். முதலில் சரியாக இறுக்கி, பிறகு அவிழ்த்து மாற்றியிருக்கிறார்.

"வேணும்னே செஞ்சீங்களா?"

சின்னையா வாசலைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினார். "திங்கள், புதன், வெள்ளி கடைய உன்ன நம்பி விட்டுட்டுத்தான் சம்சாரத்த ஃபெரியில பட்டர்வொர்த் கூட்டிட்டுப் போறேன். டயாலிசிஸ் முடிஞ்சா அவளால தனியா எந்திரிக்க முடியல. நீயும் இல்லன்னா உங்கண்ணே என்ன ஒரு மணி நேரம் விடுவாரா? சொல்லு."

விடமாட்டான். அது அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் தெரியாதவர்போல் நடித்த அந்த முகத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டு அந்தத் தடத்தைக் காட்டினால் போதும், அவளுக்கு விடுதலை.

"அண்ணே" என்று கூப்பிட்டாள்.

சூசை திரும்பினான். சின்னையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலன் கீய எடுங்க. நானே போட்டுத் தர்றேன்."

ஐந்தே நிமிஷத்தில் கியர் சேர்ந்தது. தனேஷ் ஓட்டிப் பார்த்துவிட்டு, சைக்கிள் கிளப்பில் இன்னும் ஆறு பைக் இருக்கிறது, அக்காவிடமே கொண்டுவருகிறேன் என்று போனான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். வேலைக்கு வர முடியாது என்று எழுதி அனுப்பினாள். பிறகு சின்னையாவிடம் வந்தாள்.

"நாளைக்குப் புதன். ஃபெரிய விட்டுறாதீங்க" என்றாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.